எண்பதால் வகுப்பதா, நூற்றிருபதால் வகுப்பதா?

இளம் வைத்தியர்களின் வேலை மணிகளை அரசு எண்ணத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலுக்காக மட்டும் எண்ணுகிறது.

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சராக நின்று வரவு செலவுத் திட்டத்தை வாசித்தபோது, அரச ஊழியர் வீடுகளில் எல்லோர் காதிலும் விழுந்தது ஒரே செய்திதான். ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகிறது. வைத்தியர்களுக்கும் அதற்கேற்ற உயர்வு கிடைத்தது. ஆரம்பத் தர வைத்திய அதிகாரி ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 54,290 ரூபாயிலிருந்து 91,750 ரூபாய்க்கு ஏறுகிறது. ஒரேயடியாக அல்ல, 2027 ஜனவரி வரை கட்டங்கட்டமாக. ஆனாலும் நூற்றுக்கு 69 வீத உயர்வு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கசந்தது அடுத்த வரி. ஒரு வைத்தியரின் மேலதிக நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று கணக்கிடும்போது, அடிப்படைச் சம்பளத்தை 80ஆல் வகுப்பதுதான் வழக்கம். அதை இனி 120ஆல் வகுக்க வேண்டும் என்றார்கள். விடுமுறை நாளில் செய்யும் வேலைக்கு மாதச் சம்பளத்தில் 20இல் ஒரு பங்கு கிடைத்து வந்தது. அது 30இல் ஒரு பங்காகும் என்றார்கள். மார்ச் மாதம் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பு வரை போனதற்கு இந்தப் பின்னங்கள்தான் காரணம். அடிப்படைச் சம்பளம் கூடுகிறபடியால் யாருக்கும் கையில் வருவது குறையாது என்றது அரசு. கூட்டிக் கொடுத்துவிட்டு வகுத்துப் பறிக்கிறார்கள் என்றன சங்கங்கள்.

பென்சிலை எடுத்துப் பார்ப்போம். பழைய சம்பளம், பழைய வகுப்பு: 54,290ஐ 80ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 679 ரூபாய். புதிய சம்பளம் முழுதாகக் கைக்கு வந்த பிறகு, புதிய வகுப்பு: 91,750ஐ 120ஆல் வகுத்தால் 765 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 69 வீதம் ஏற, இரவு விழிக்கும் மணியின் விலை 13 வீதத்துக்கும் குறைவாகவே ஏறுகிறது. பழைய வகுப்பையே வைத்திருந்தால் அந்த மணி 1,147 ரூபாய் பெறும். இரு தரப்பு சொன்னதும் கணக்கின்படி சரிதான். அரசு ஒரு பக்கத்தைக் காட்டியது, சங்கங்கள் மறுபக்கத்தைக் காட்டின.

ஆனால் அந்தப் பின்னத்துக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அரச வைத்தியர் ஒருவரின் பழைய கால நேர ஒழுங்கு இப்படி: வார நாட்களில் காலை 8 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 4 வரை, சனிக்கிழமை 8 முதல் 12 வரை, ஞாயிறு 8 முதல் 10 வரை. கூட்டினால் வாரம் 36 மணி. ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கி 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 156 மணி. ஆக, சாதாரண மணி ஒன்றின் விலை சம்பளத்தில் 156இல் ஒரு பங்கு. 80ஆல் வகுத்தபோது மேலதிக மணிக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு கிடைத்தது. 120ஆல் வகுத்தால் 1.3 மடங்கு. கண்டி தலதா வீதியில் புடைவைக் கடையில் நிற்கிற பிள்ளைக்குக்கூட, கடை காரியாலய ஊழியர் சட்டப்படி மேலதிக மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். தொகை வேறு, விகிதம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் மேலதிக வேலையைச் சாதாரண வேலையைவிட எவ்வளவு பாரமானதாக மதிக்கிறோம் என்பதை விகிதம்தானே சொல்லும்?

குண்டசாலையில் இருந்து பார்த்தால்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் தென்னக்கும்புறப் பாலத்தைத் தாண்டினால் குண்டசாலை. கண்டி அரசன் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் மாளிகை கட்டி வாழ்ந்த ஊர். இன்று விவசாயப் பாடசாலை, பக்கத்தில் பல்லேகலை கைத்தொழில் வலயம், கிரிக்கெட் மைதானம், மாகாண சபை அலுவலகங்கள். கண்டி நகரத்து வாடகை கட்டுப்படியாகாத அரச உத்தியோகத்தர்கள் இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறார்கள். இளம் வைத்தியர்களும் அதில் அடக்கம். ஒரு பக்கம் நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலையான கண்டி தேசிய வைத்தியசாலை. நகரைத் தாண்டிப் போனால் பேராதனை போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும். மறுபக்கம் மெனிக்கின்ன, தெல்தெனிய வைத்தியசாலைகள். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தில் படித்து வெளியேறும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை இந்த வட்டாரத்துக்குள்தான்.

மருத்துவ பீடத்தை முடித்தவருக்கு இலங்கை மருத்துவ சபை முதலில் தற்காலிகப் பதிவைத்தான் கொடுக்கும். ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிந்தால்தான் முழுப் பதிவு. அந்த வருடத்தில் அவரை வார்ட்டில் எல்லோரும் எச்.ஓ. என்று கூப்பிடுவார்கள். குவாட்டர்ஸ் கிடைத்தால் வைத்தியசாலை வளவிலேயே வாசம். கேஷுவல்டி நாளில் புதிய நோயாளிகளை அனுமதிப்பது, இரத்தம் எடுப்பது, சேலைன் ஏற்றுவது, காலையில் கொன்சல்டன்ட் ரவுண்ட் வரும்போது ஒவ்வொரு கட்டிலின் கதையையும் ஒப்புவிப்பது, டயக்னோசிஸ் கார்ட் எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான். தோட்டப்புறங்கள் சூழ்ந்த மலையகத்தில் தமிழ் தெரிந்த எச்.ஓ.வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பக்கத்து வார்ட்டில் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு எங்கே வலி என்று கேட்டுச் சொல்லக் கூப்பிடுவார்கள். போகாமல் இருக்க மனம் வராது. அந்தக் கால்மணி நேரத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

மாத முடிவில் மேலதிக நேரத்துக்கான ஓ.டி. படிவம் நிரப்ப வேண்டும். திகதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, மொத்த மணி. பொறுப்பான வைத்திய நிபுணரின் கையெழுத்து, பிறகு அலுவலகத்தின் சரிபார்ப்பு. 30 நாள் கழித்து உட்கார்ந்து, 3ஆம் திகதி இரவு எத்தனை மணிக்கு அறைக்குப் போனேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தால் யாருக்கு ஞாபகம் வரும்? கடமை அட்டவணையான ரொஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி எழுதிவிடுவார்கள். அப்படி எழுதும்போது பதிவாவது திட்டமிட்ட நேரம்தான். உண்மையில் வேலை செய்த நேரம் வேறு.

ஒரு வாரத்தின் கணக்கு

ஒரு கற்பனை ரொஸ்டரை எடுத்துக்கொள்வோம். எந்த வைத்தியசாலையினதும் அல்ல. ஆனால் எச்.ஓ. வேலை பார்த்த எவரும் இதைப் பார்த்து அதிசயப்பட மாட்டார்கள்.

திங்கள் காலை 8 மணிக்குக் கேஷுவல்டி தொடங்குகிறது. இரவு முழுக்க அனுமதிகள். செவ்வாய் காலை ரவுண்ட், அதன் பிறகு ரவுண்டில் சொன்ன வேலைகள். மாலை 4 மணிக்கு வெளியே வந்தால் ஒரே மூச்சில் 32 மணி. புதன் 8 மணி, வியாழன் 8 மணி. வெள்ளி காலை மறுபடி கேஷுவல்டி, சனி நண்பகல் 12க்கு முடிகிறது. அது 28 மணி. ஞாயிறு காலை ரவுண்ட் மட்டும், 2 மணி. மொத்தம் 78.

இதில் 36 மணி சம்பளத்துக்குள் அடங்கும். மிச்சம் 42 மணி மேலதிக நேரம் என்றுதானே நினைப்பீர்கள்? அவசரப்பட வேண்டாம். வார நாட்களில் 12 முதல் 2 வரை சாப்பாட்டு இடைவேளை. ஐந்து நாளுக்கு 10 மணி. அலுவலகக் கணக்கில் அந்த நேரத்தில் வைத்தியர் வேலையில் இல்லை. அதைக் கழித்தால் வேலை செய்தது 68 மணி, மேலதிகம் 32 மணி. உண்மையில் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? பெரும்பாலும் வார்ட்டில்தான். ஒரு பார்சலை நர்ஸ்மாரின் அறையில் வைத்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, புதிதாக வந்த நோயாளிக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருப்பார்.

வாரத்துக்கு 10 மணி. மணிக்கு 765 ரூபாய் என்று வைத்தால், நான்கு வாரத்தில் 30,600 ரூபாய். ஒரு இடைவேளை இருந்ததா இல்லையா என்ற கேள்வியின் விலை அது.

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டார்பி நகரத்து வைத்தியசாலைகளில் 2013இல் வேலை பார்த்த இளம் வைத்தியர்களின் வழக்கு அது. ஆங்கிலேய இளம் வைத்தியர்களுக்கு அப்போது சம்பளம் படிகளாக இருந்தது. வேலை மணியும் ஓய்வும் விதிக்குள் இருந்தால் ஒரு படி. விதி மீறப்பட்டால் சம்பளத்துக்குச் சமமான தொகையை மேலதிகமாகக் கொடுக்க வேண்டிய உச்சப்படி. ஏறக்குறைய நான்கு மணி தொடர்ந்து வேலை பார்த்தால் குறைந்தது 30 நிமிடம் இடைவேளை கிடைக்க வேண்டும். நான்கில் மூன்று தடவையாவது அது கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. கிடைத்ததா என்பதை நிர்வாகம் ஒரு மென்பொருளை வைத்துச் சரிபார்த்தது. அந்த மென்பொருள் வைத்தியர் எழுதிக் கொடுத்த உண்மையான நேரத்தை மட்டும் எடுக்கவில்லை. ரொஸ்டரின்படி எவ்வளவு நேரம் எதிர்பார்க்கப்பட்டதோ அதையும் கலந்து கணக்குப் பார்த்தது. கணக்கு எப்போதும் நல்லபடியாகவே வந்தது, வராமல் எப்படி இருக்கும்? டொக்டர் சாரா ஹாலட் என்பவரின் பெயரில் பிரித்தானிய மருத்துவ சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2019 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டியது. இடைவேளை கிடைத்ததா என்பதை உண்மையில் நடந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அந்த மென்பொருள் முறை ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பதே அதன் சாரம்.

நம் ஓ.டி. படிவத்தை ரொஸ்டரைப் பார்த்து நிரப்பும் வழக்கமும் அந்த மென்பொருளும் செய்தது ஒரே வேலைதான். இங்கே அதை வைத்தியரே தன் கையால் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லை எங்கே?

இதுவரை பணக்கணக்கு. இனி அதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருவோம். 78 மணி வேலை செய்யலாமா? 32 மணி தொடர்ந்து நிற்கலாமா? எந்த மணியில் ஒருவரை நிறுத்தி, போய்ப் படு என்று சொல்ல வேண்டும்?

1954ஆம் ஆண்டின் கடை காரியாலய ஊழியர் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக் கூடாது. ஆக 57. அதற்கு மேல் ஊழியர் விரும்பினாலும் முதலாளி வேலை வாங்க முடியாது. அரச வைத்தியருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவரை ஆள்வது தாபன விதிக்கோவையும் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைகளும். விதிக்கோவையின் எட்டாம் அத்தியாயம் மேலதிக நேரக் கொடுப்பனவைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அந்த எழுத்து முழுவதிலும் இருக்கும் கவலை அரச பணம் வீணாகக் கூடாது என்பதுதான். வைத்தியர் களைத்துப்போவது அங்கே ஒரு விஷயமே அல்ல. மேலதிக மணிக்கு வரம்பு வைத்தால்கூட அது பணம் கொடுப்பதற்கான வரம்பாகவே முடிகிறது. வரம்பு தாண்டிய பிறகும் வார்ட் ஓடத்தான் வேண்டும். வேலை நிற்காது, கொடுப்பனவுதான் நிற்கும்.

உலகில் மற்ற இடங்களில் வரம்பு எப்படி வந்தது? பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு. நியூயோர்க்கில் 1984 மார்ச்சில் லிபி சையன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போய், சில மணி நேரத்தில் இறந்தாள். அவள் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்தோடு சேரக் கூடாத இன்னொரு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அன்றிரவு அவளைப் பார்த்தவர்கள் ஒரே நேரத்தில் பல நோயாளிகளைச் சுமந்துகொண்டிருந்த பயிற்சி வைத்தியர்கள். தகப்பன் சிட்னி சையன் பத்திரிகையாளர், விடவில்லை. 1989இல் நியூயோர்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று எல்லை போட்டது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் பயிற்சி அங்கீகார சபை 80 மணி வரம்பைக் கொண்டுவந்தது. நான்கு வாரச் சராசரியாக, என்ற ஒரு சிறு சொல்லோடு. சராசரி என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு வாரம் 100 மணி, அடுத்த வாரம் 60 மணி என்றாலும் சராசரி 80தான்.

இந்தியாவில் கடதாசியில் எல்லை 1992 ஜூனிலேயே வந்துவிட்டது. மத்திய சுகாதார அமைச்சின் உத்தரவுப்படி பயிற்சி வைத்தியருக்குத் தொடர்ச்சியான வேலை 12 மணியைத் தாண்டக் கூடாது, சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி. 32 வருடம் கழித்து, 2024 ஓகஸ்டில், கொல்கத்தா ஆர்.ஜி. கர் வைத்தியசாலையில் ஒரு பயிற்சி வைத்தியை கொல்லப்பட்ட வழக்கை விசாரித்தபோது, 36 மணி நேர ஷிப்ட்கள் மனிதத்தன்மையற்றவை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்பார் இல்லாவிட்டால் உத்தரவு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தூக்கமின்மையின் விலையையும் அளந்திருக்கிறார்கள். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டோசன், கேத்தரின் ரீட் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, 24 மணி விழித்திருந்தவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.10 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இலங்கையில் சாரதிக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08. அந்த அளவு குடித்துவிட்டு ஸ்கூட்டரில் தென்னக்கும்புறப் பாலத்தால் வந்தால் பொலிஸ் பிடிக்கும். அந்த அளவு களைப்போடு செவ்வாய் பிற்பகல் ஒரு குழந்தைக்கு மருந்தின் மில்லிகிராமைக் கணக்குப் போட்டு எழுதினால் யாரும் பிடிப்பதில்லை. அமெரிக்க பயிற்சி வைத்தியர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், பழைய நீண்ட ஷிப்ட் முறையில் இருந்தவர்கள் குறுகிய ஷிப்ட் முறையில் இருந்தவர்களைவிட 36 வீதம் கூடுதலான பாரதூரத் தவறுகளைச் செய்தார்கள். நீண்ட ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வாகனம் ஓட்டிப் போகும்போது விபத்துக்குள்ளாகும் சாத்தியம் இரு மடங்குக்கு மேல் என்று அதே குழு அடுத்த வருடம் கண்டது.

காத்திருப்பது வேலையா?

நம் வைத்தியர்களின் சம்பளச் சீட்டில் டாட் என்று ஒரு கொடுப்பனவு உண்டு. இடையூறு, கூப்பிட்டால் வரத் தயாராய் இருத்தல், போக்குவரத்து ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. 2024 ஜனவரியில் அது 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயானது. எங்களுக்கும் கொடு என்று மற்றைய சுகாதார ஊழியர்கள் வேலையை நிறுத்த, வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. அந்தச் சண்டையில் யார் நியாயம் என்பதை இங்கே தொடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கூப்பிட்டால் வரத் தயாராய் இருப்பதை மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாங்கிவிட்டால், அது எத்தனை மணி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. மாதம் இரண்டு இரவு ஓன்-கோலில் இருந்தவருக்கும் பதினைந்து இரவு இருந்தவருக்கும் அதே தொகை.

ஐரோப்பாவில் இந்த இடத்தில்தான் சட்டம் திரும்பியது. ஸ்பெயினின் வலென்சியா பகுதி வைத்தியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2000இலும், ஜெர்மனியின் கீல் நகர வைத்தியர் யேகரின் வழக்கில் 2003இலும் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரே பதிலைச் சொன்னது. வைத்தியசாலைக்குள் இருக்க வேண்டிய கடமை இருந்தால், கட்டில் போட்டுக் கொடுத்திருந்தாலும், அதில் தூங்கியிருந்தாலும், அது வேலை நேரம்தான். யேகருக்கு வைத்தியசாலையிலேயே படுக்கை அறை இருந்தது. அவர் தூங்கிய மணிகளும் வாரத்துக்கு 48 மணி என்ற ஐரோப்பிய எல்லைக்குள் எண்ணப்பட வேண்டும் என்றானது. இளம் வைத்தியர்களுக்கு மட்டும் அந்த எல்லையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள்: 2004இல் 58 மணி, 2007இல் 56, 2009 ஓகஸ்டில் 48.

அந்த அளவுகோலைக் கொண்டுவந்து கண்டியில் ஒரு எச்.ஓ. குவாட்டர்ஸில் வைத்தால், என்னுடைய கற்பனை ரொஸ்டரின் 78 மணி எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நாங்களும் இப்படித்தான் படித்தோம் என்று மூத்த நிபுணர்கள் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று தள்ள மாட்டேன். ஒரு நோயாளியை அனுமதித்த கை, அடுத்த நாள் காலைவரை அவரை விடாமல் பார்க்கும்போது கற்கும் பாடம் வேறு. மணியைக் குறைத்தால் ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைப்பது கூடும். ஒப்படைக்கும்போது தகவல் சிந்தும். அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சியாளருக்கு 2011இல் போட்ட 16 மணி எல்லையை 2017இல் தளர்த்தி மறுபடி 24க்குக் கொண்டுபோனார்கள். பெரிய அளவில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளில் நோயாளிகளின் இறப்பு வீதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே விவாதம் 16 மணிக்கும் 24 மணிக்கும் இடையில். இங்கே எந்த எண்ணும் இல்லாத இடத்தில் நின்று அதை உதாரணம் காட்டுவது சரியல்ல.

பணம் பற்றிய தடை இதைவிடக் கடினமானது. இளம் வைத்தியருக்கு மேலதிக நேரம் உபரி வருமானம் அல்ல. வீட்டு வாடகையும் தங்கையின் கல்யாணச் செலவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நாளைக்கே வாரம் 60 மணி என்று சட்டம் வந்தால் முதலில் எதிர்ப்பவர்களில் வைத்தியர்களும் இருப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மேலதிக நேரத்தால் நிரப்பிக்கொள் என்று பல தசாப்தங்களாகப் பழக்கிய அமைப்பு அது. ஆகவேதான் 80ஆ 120ஆ என்ற சண்டைக்குச் சங்கங்கள் வீதிக்கு வந்தன. 32 மணியா 24 மணியா என்ற கேள்விக்கு யாரும் வீதிக்கு வரவில்லை. அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உறுப்பினரின் பையைப் பார்ப்பது சங்கத்தின் வேலை. நோயாளியின் பாதுகாப்பைப் பார்ப்பது அமைச்சின் வேலை. இரண்டாவது வேலைதான் நடக்கவில்லை.

ஆட்பலம் போதாது என்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசே கதவைத் திறந்துவிட்டது. வைத்தியர்கள் பலர் அந்தக் கதவாலும் வேறு கதவுகளாலும் போனார்கள். எஞ்சியவர்களின் ரொஸ்டரில் இடைவெளிகள் விழுந்தன. அதே நேரம், பட்டம் பெற்ற பிள்ளைகள் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலை இல்லாமல் காத்திருக்கும் வைத்தியர், மறுபக்கம் 32 மணி நிற்கும் வைத்தியர். இதை ஆட்பலப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லி முடிக்க முடியுமா?

விரல் வைத்தால் யாருக்கு நட்டம்?

கைவிரல் அடையாள இயந்திரத்தை வைத்தியர்களுக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர்களும் மேலதிக நேரத்துக்கு விரல் வைக்கச் சொன்னதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். வைத்தியரின் வேலை அலுவலக வேலைபோல் மணிக்கணக்குக்குள் அடங்காது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நடு இரவில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஓடுபவர் வாசலில் விரல் வைக்க நிற்க மாட்டார். ஆனால் எச்.ஓ.வுக்கு அந்த இயந்திரம் ஒரு சாட்சி. செவ்வாய் மாலை 4 மணிக்குப் போகவில்லை, 7 மணிக்குத்தான் போனார் என்று சொல்ல அவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மூத்தவரின் முகத்தைப் பார்த்து மூன்று மணியைக் கூட்டி எழுதத் தயங்கும் பிள்ளைக்கு, இயந்திரத்தின் முன் தயக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2016 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் இங்கே கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே வாரச் சராசரி 48 மணி. எந்தத் தொடர்ச்சியான 168 மணியை எடுத்தாலும் வேலை 72ஐத் தாண்டக் கூடாது. சாதாரண ஷிப்ட் 13 மணிக்குள். இவை நமக்கு இன்றைக்கு எட்டாத எண்கள். எட்டக்கூடியது அதன் காவல் முறை. நேரம் மீறினால் இளம் வைத்தியர் அதை உடனே அறிக்கையிடலாம். ஒவ்வொரு வைத்தியசாலை நிர்வாகத்துக்கும் வேலை மணிகளைக் கண்காணிக்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பாதுகாப்பு எல்லை மீறப்பட்டால் அவர் அந்தப் பிரிவுக்குத் தண்டப்பணம் விதிக்கலாம். எண்ணுகிறவர் வேறு, ரொஸ்டர் போடுகிறவர் வேறு என்பதுதான் அதன் உயிர். எல்லாம் சரியாக நடக்கிறது என்று அங்கேயும் யாரும் சொல்வதில்லை. முறைப்பாடு எழுதினால் பெயர் கெடும் என்ற பயம் அங்கேயும் உண்டு. ஆனாலும் எழுத ஓர் இடம் இருக்கிறது.

மத்திய மாகாணத்தில் இதைத் தொடங்கப் புதிய சட்டம் வேண்டாம், பாராளுமன்றம் வேண்டாம். தேசிய வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலைகளும் கொழும்பு அமைச்சின் கீழ், மெனிக்கின்ன போன்றவை மாகாணத்தின் கீழ் என்ற பிரிவினை உண்டு. ஆனால் ஓ.டி. படிவங்கள் எல்லா இடத்திலும் மாதா மாதம் அலுவலகத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றை எடுத்துக் கூட்டிப் பார்த்தாலே, ரொஸ்டரின்படியாவது யார் வாரம் எத்தனை மணி நின்றார்கள், எந்த வார்ட்டில் தொடர்ச்சியாக 24 மணியைத் தாண்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன் சரிபார்க்கும் அதே உத்தியோகத்தர், 24 தாண்டிய ஒவ்வொரு இடத்திலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பணிப்பாளரிடம் அனுப்பினால் போதும். முதல் சுற்றறிக்கை ஒரு வரியில் இருக்கலாம்: கேஷுவல்டி இரவு முடிந்தவர் மறுநாள் நண்பகலுக்கு மேல் வார்ட்டில் நிற்கக் கூடாது.

அது வரும்வரை எச்.ஓ.மாருக்கு ஒரு வேண்டுகோள். ரொஸ்டரைப் பார்த்துப் படிவம் நிரப்பாதீர்கள். ஒரு சிறு கொப்பியிலோ போனிலோ அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். வந்த நேரம், போன நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம், உட்காரவே முடியாமல் போன நாள். டார்பி வழக்கின் தீர்ப்பு சொன்னதும் உண்மையில் நடந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதுதான். 80ஆலோ 120ஆலோ வகுத்துக்கொள்ளட்டும். வரும் தொகையால் பெருக்கும் மணியாவது உண்மையாக இருக்க வேண்டும், அதை எழுதக் கூடியவர் இப்போதைக்கு நீங்கள் மட்டும்தான்.